ஆட்கள் ஆறு

பழைய புகைக்கூடத்துக்கு வெள்ளையடித்து
நன்னீர் மீன்பிடி மரபு மையம் என்று பலகை மாட்டினார்கள்.
மழை பெய்தால் சுவரிலிருந்து இன்னும்
ரப்பர் ஷீட் வாசம் வரும்.
சுங்கை லெபானுக்கு இதற்குமுன் வந்த சுற்றுப்பயணிகள்
பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மட்டும்தான்.

நான் டிக்கெட் கவுண்டர்.
பெரியவர்களுக்கு ஐந்து வெள்ளி,
பள்ளிச் சீருடை என்றால் காசில்லை.
விளக்கப் பலகைகளைத் தமிழில் எழுதுவதும் நான்தான்,
அதற்குத் தனிச் சம்பளமில்லை.

முதல் அச்சில்
மீனின் சுழி ஒரு பக்கம் கிடந்தது,
புள்ளி இன்னொரு பக்கம்.
ஈப்போ அச்சகத்தான் போனில் சொன்னான்:
எல்லா எழுத்தும் இருக்குதானே, அக்கா.

விராலுக்குப் பெயருண்டு, கெளுத்திக்கும் உண்டு.
ட்ரவுட்டுக்கு அகராதியில் தேடிப் பார்த்துவிட்டு
ட்ரவுட் என்றே போட்டேன்.
சீமை மீன்.
கூடத்தின் நடுவே தொங்குவது பிளாஸ்டர்.
புள்ளிகளை வைத்தவள்
துப்புரவு வேலை பார்க்கும் ரொஹானாவின் மகள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் துரையின் கணக்குப் புத்தகம்,
கரையான் தின்றது போக.
முட்டை ஏழாயிரம், கப்பல் கூலியோடு நாற்பது டாலர்.
ஐஸ், பன்னிரண்டு.
மரத்தூள், அறுபது காசு.
ஆட்கள் ஆறு, ஒரு டாலர் எண்பது.

ரயிலடியிலிருந்து மலையோடைக்குப் பதினேழு மைல்.
பிடரியில் ஐஸ் தண்ணீர் சொட்டியிருக்கும்.
அதை நான் எழுதவில்லை, புத்தகத்தில் இல்லை.
பொரித்த குஞ்சுகள் மூன்றாம் மாதம் மிதந்தன.
ஓடை சூடு.
ஒருவரும் ஒரு ட்ரவுட்டையும் தூண்டிலில் பிடித்ததில்லை.
மரபு என்பது அவ்வளவுதான்.

மலாயில் இருந்ததை, ஆங்கிலத்தில் இருந்ததை
அப்படியே தமிழில் இறக்கினேன்.
கடைசியில் கை நிற்கவில்லை.
பெயர்கள் எழுதப்படவில்லை
என்று ஒரு வரி சேர்த்தேன்.

மேலாளர் ஹஸ்லான் பலகையை விரலால் அளந்தார்.
தமிழில் மட்டும் ஏன் ஒரு வரி கூடுதல்?
எங்கள் மொழி அப்படி, என்சே,
கொஞ்சம் நீளம்.
தலையாட்டிவிட்டுப் போனார்.
நல்ல மனிதர்.
அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை எனக்கு.

பிறகு உயிருள்ளவை வந்தன.
மூன்று ட்ரவுட், குளிரூட்டிய தொட்டி, பதினான்கு டிகிரி.
மூன்றாம் வெள்ளிக்கிழமை மின்சாரம் போனது.
பதினெட்டு. இருபது.
மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன,
கேள்வி கேட்பதுபோல் இல்லை,
மூச்சு முட்டுவதுபோலத்தான்.

லிம் தவ்கேயின் காப்பிக்கடையிலிருந்து ஐஸ்.
சந்தையில் மீன் விற்கும் ஜெகவீரன் தன் பெட்டியையே கொடுத்தான்,
செத்த மீனுக்கு வெச்ச ஐஸுக்கா என்று சிரித்துக்கொண்டே.
நான், ரொஹானா, அவள் மகள், நேபாளக் காவலாளி தீபக்,
நாலு பேர் சாக்கில் கட்டித் தூக்கி
பெட்ரோல் நிலையம் தாண்டி, கோயில் வளைவு தாண்டி
ஏழு நடை.
சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.
மரத்துப்போன தோளைச் சொறிந்தால்
வேறு யாருடைய தோளையோ சொறிவதுபோல இருந்தது.

ஒன்று பிழைத்தது.

திங்கட்கிழமை செலவுப் படிவம்.
ஐஸ், முப்பத்தெட்டு வெள்ளி.
கொண்டுவந்தவர் பெயர், ஐசி எண், கையொப்பம்,
ஒரு கட்டம் காலியாக இருந்தாலும்
மாவட்ட அலுவலகத்தில் காசு கொடுக்க மாட்டார்கள்.
தீபக்கிடம் ஐசி இல்லை, பாஸ்போர்ட் முதலாளியிடம்.
மூன்று பேர் என்று போடு, கஸ்தூரி,
என்றார் ஹஸ்லான், மெதுவாக,
தொட்டியைப் பார்த்தபடி.

பேனாவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வெளியே பள்ளி பஸ் வந்து நிற்கிறது.
நாற்பது சீருடைகள், நாற்பது இலவசம்.
முன்னால் ஓடிவந்த ஒருத்தி
கண்ணாடியில் மூக்கை அழுத்தி
தமிழ்ப் பலகையை எழுத்துக் கூட்டுகிறாள்,
கடைசி வரிக்கு இன்னும் வரவில்லை.